ஃபான்ட்-ஃபேஸ்: ஒரு விதியின் வரலாறும் வாசிக்க இயலாத சில பக்கங்களும்

என்னோடு ஆய்வு செய்யும் இளையவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் ஒரு கோப்பைத் திறந்து காட்டி, "அக்கா, இது எந்த மொழி?" என்று கேட்டார். 1999ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தமிழ் இதழின் இணையப் பக்கம் அது. இணைய ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து இறக்கி வைத்திருந்தார். திரை முழுவதும் உரோமன் எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் பொருளற்றுச் சிதறிக் கிடந்தன. நான் இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டேன். ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என ஐந்து குறிகள் இடைவெளியின்றித் தொடர்ந்து வந்திருந்தன. பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகிய எவருக்கும் அது மனப்பாடம். அந்த ஐந்து குறிகளும் சேர்ந்தால் "தமிழ்". ஒருங்குறிக் காலத்தில் படிக்கத் தொடங்கியவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தக் கட்டில் இருந்த மற்றப் பக்கங்கள் அவ்வளவு எளிதில் மசியவில்லை. அவை அந்தந்த இதழ் தனக்கென்று செய்துகொண்ட எழுத்துருவில் இருந்தன. அவற்றை வாசிக்க முயன்ற வேளையில்தான், இன்று முன்முனை நிரலாளர் எவரும் யோசிக்காமல் நான்கு வரியில் எழுதிவிட்டுப் போகும் ஒரு விதியின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்க நேர்ந்தது. சிஎஸ்எஸ் மொழியின் "ஃபான்ட்-ஃபேஸ்" என்னும் விதி அது. வாசகரின் கணினியில் இல்லாத ஓர் எழுத்துருவை, பக்கத்தோடு சேர்த்து வழங்கியிலிருந்து இறக்கிக் காட்டு என்று உலாவிக்கு ஆணையிடுவது அதன் வேலை. பாடநூல்களும் பயிற்சி வகுப்புகளும் இந்த வரலாற்றை 2009ஐ ஒட்டித் தொடங்குகின்றன. அழகிய எழுத்துக்கு ஏங்கிய வடிவமைப்பாளர்களுக்கும் திருட்டுக்கு அஞ்சிய எழுத்துரு நிறுவனங்களுக்கும் இடையிலான வழக்காக அதைச் சொல்கின்றன. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அது சரிதான். இந்திய மொழிகளைப் பொறுத்தவரை அது பாதிக் கதை.

முதலில் 1990களின் நடுப்பகுதிக்குச் செல்வோம். டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த வலையில் எழுத்துருவுக்கென்று இடமே இல்லை. இது தலைப்பு, இது பத்தி என்று ஆவணம் சொல்லும். எந்த எழுத்தில் காட்டுவது என்பதை வாசகரின் கணினி முடிவு செய்யும். 1995இல் மைக்ரோசாஃப்டின் உலாவி, "ஃபான்ட்" குறியோடு "ஃபேஸ்" என்னும் பண்பைச் சேர்த்தது. அதில் பக்கம் எழுதுவோர் ஓர் எழுத்துருவின் பெயரை மட்டுமே சொல்ல முடியும். அந்தப் பெயருடைய எழுத்துரு வாசகரின் கணினியில் இருந்தால் காட்டும். இல்லையென்றால் வேறொன்றில் காட்டும். ஆங்கில வாசகருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. வெர்டானா இல்லையென்றால் ஏரியல். சொல் மாறாது, தோற்றம் மட்டும் சற்று மாறும்.

தமிழில் நிலைமை வேறு. தமிழ் 1991இலேயே யூனிகோட் தரத்தின் முதற்பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதைத் திரையில் காட்டும் ஆற்றல் விண்டோஸ் 95க்கோ 98க்கோ இயல்பாக இல்லை. 2000இல் வந்த விண்டோஸ் 2000தான் லதா என்னும் எழுத்துருவோடு அதைக் கொண்டுவந்தது. இடைப்பட்ட பத்தாண்டில் நம்மவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது, துணிச்சலானதும்கூட. உரோமன் எழுத்துகளுக்கு உரிய எண்களின் மீதே தமிழ் வடிவங்களை வரைந்துவிட்டார்கள். கணினி அந்த எண்ணை "கே" என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எழுத்துரு அதன் இடத்தில் "ம" என்று வரைந்து காட்டும். அகத்தே ஆங்கிலம், புறத்தே தமிழ்.

இதன் விளைவை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். இத்தகைய பக்கத்தில் எழுத்துரு என்பது எழுத்துக்குப் போர்த்திய ஆடை அன்று, குறியேற்றமே அதுதான். கோப்பில் உள்ள எண்களுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு வேறெங்கும் எழுதிவைக்கப்படவில்லை, அந்த எழுத்துருக் கோப்பில் மட்டுமே இருக்கிறது. போதாக்குறைக்கு ஒவ்வோர் இதழும் தனித்தனி உறவை வைத்துக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று இரு குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது. அதற்கு இணையாக, மின்னஞ்சல் குழுவில் கூடிய ஆர்வலர்கள் டிஸ்கி என்னும் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். எனினும் அச்சுக்கோப்பு மென்பொருளில் பெரும் பணம் போட்டிருந்த இதழ்கள் தம் பழைய எழுத்துருவை எளிதில் கைவிடவில்லை. நான்கு இதழ் படிக்க நான்கு எழுத்துரு நிறுவ வேண்டியிருந்த அக்காலத்து உலாவல் நிலையங்களை நினைவில் வைத்திருப்போர் இங்கே பலர் இருப்பீர்கள். அரை மணி நேரத்திற்குப் பணம் கட்டிவிட்டு, அதில் பத்து நிமிடத்தை எழுத்துரு இறக்குவதற்கே செலவழிப்போம்.

1997இல் இரண்டு உலாவிகள் இதற்கு விடை கொண்டுவந்தன. ஒன்றுக்கொன்று பொருந்தாத விடைகள். ஜூனில் வந்த நெட்ஸ்கேப் 4, பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் நுட்பத்தை ஏற்றது. செப்டம்பரில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, இஓடி என்னும் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோப்பு வடிவத்தை ஏற்றது. இரண்டுக்கும் பொதுவான பெயர் "டைனமிக் ஃபான்ட்". தமிழில் இயங்கு எழுத்துரு என்றோம். வாசகர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பக்கம் திறக்கும்போதே எழுத்துரு வந்து சேரும். 1998 மே 12 அன்று வெளியான சிஎஸ்எஸ் 2 பரிந்துரை, ஃபான்ட்-ஃபேஸ் விதியை முறையாக வகுத்தது. நெட்ஸ்கேப் அந்த விதியைப் பின்பற்றாமல் தனக்கென ஒரு "லிங்க்" குறியை வைத்திருந்தது. எக்ஸ்புளோரர் விதியை ஏற்றாலும் தன் கோப்பு வடிவத்தை மட்டுமே ஏற்றது.

ஆங்கிலத் தளங்கள் இந்த வசதியைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. தொலைபேசி வழி இணைப்பில் ஒரு தலைப்பின் அழகுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி இதழ்களுக்கோ இது உயிர்நாடி. எனவே பல தளங்கள் ஒரே பக்கத்தில் இரு வகைக் கோப்பையும் இணைத்தன. நாங்கள் பார்த்த கட்டிலும் அப்படிப்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. மூலநிரலின் தலைப்பகுதியில் இரண்டு அழைப்புகளும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இஓடி கோப்புக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. காப்பக ஆய்வாளர்கள் அதைக் கவனிக்க வேண்டும். எழுத்துருவை யாரும் எடுத்துத் தம் தளத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக, எந்த இணைய முகவரியில் அது செயல்படலாம் என்பதைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்க முடியும். முகவரி பொருந்தாவிட்டால் உலாவி எழுத்துருவை ஏற்க மறுத்துவிடும். எழுத்துரு வரைந்தவரின் உரிமையைக் காக்கும் ஏற்பாடு அது. அன்றைய நிலையில் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு காப்பகம் அந்தப் பக்கத்தைப் படியெடுத்துத் தன் முகவரியில் வைக்கும்போது, பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. எழுத்துருக் கோப்பு தப்பிப் பிழைத்திருந்தாலும், பழைய எக்ஸ்புளோரரையே தேடிப் பிடித்து நிறுவினாலும், பக்கம் திறக்காது. திருடனுக்கும் நூலகருக்கும் வேறுபாடு காணத் தெரியாத பூட்டு அது.

இதற்கிடையே இரண்டு விடைகளில் ஒன்று இறந்தது. 2000இல் நெட்ஸ்கேப் 6 புதிய பொறியோடு வந்தபோது ட்ரூடாக் அதில் இல்லை. சில ஆண்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வாசகர்கள் எக்ஸ்புளோரரில் இருந்ததால், தள நிர்வாகிகள் பலருக்கு அந்த இறப்பு தெரியவே இல்லை. "எக்ஸ்புளோரரில் மட்டும் பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதிப் பிரச்சினையை முடித்துக்கொண்டார்கள். சிஎஸ்எஸ் பணிக்குழு தன் பழைய பரிந்துரையைத் திருத்தி 2.1 பதிப்பை உருவாக்கத் தொடங்கியபோது, உலாவிகள் ஒத்திசைந்து நடைமுறைப்படுத்தியவற்றை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தது. அந்தச் சல்லடையில் ஃபான்ட்-ஃபேஸ் விதி நிற்கவில்லை. 2011 ஜூன் 7 அன்று முறையாக வெளியான 2.1 பரிந்துரையிலும் அது கிடையாது. தரநிலை என்பது விரும்பத்தக்கதை அன்றி நடப்பதை எழுதவேண்டும் என்னும் அந்தக் கொள்கையை நான் பொதுவாக மதிக்கிறேன். வலையை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததே அதுதான். ஆயினும் "நடப்பது" என்று கணக்கெடுத்தபோது, இந்தியாவில் நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் இந்த விதியின் துணையால்தான் செய்தி படித்தார்கள் என்பது எவர் கண்ணிலும் படவில்லை. படச் செய்யும் இடத்தில் நாமும் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் தமிழில் நடந்தது என் வாதத்திற்கு முக்கியமான சான்று. 2003 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. அவை ஒருங்குறியை ஏற்றன. ஆனால் வாசகர்களிடம் இன்னும் விண்டோஸ் 98 கணினிகளே இருந்தன. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி உருவாக்கிய தேனீ ஒருங்குறி எழுத்துருவின் இயங்கு வடிவம் அப்போது கைகொடுத்தது. பதிவர்கள் பலர் அதைத் தம் வார்ப்புருவில் இணைத்துக்கொண்டார்கள். உமர் தம்பி 2006இல் மறைந்தார். இஓடி நுட்பமும் பின்னாளில் மறைந்தது. 2015இல் வந்த எட்ஜ் உலாவியே அதை ஏற்கவில்லை. எனினும் அந்தப் பதிவுகளை இன்று திறந்தால் சிக்கலின்றி வாசிக்கலாம். காரணம் வெளிப்படை: அங்கே எழுத்துரு ஆடையாக மட்டும் இருந்தது, குறியேற்றம் வேறாக இருந்தது. அதே நுட்பத்தை நம்பிய 1999ஆம் ஆண்டின் இதழ்ப் பக்கம் குப்பையாகிவிட்டது. 2004ஆம் ஆண்டின் வலைப்பதிவு நிலைத்துவிட்டது. உலாவியின் வசதி இரண்டிலும் ஒன்றே. எதை அதன்மேல் ஏற்றினோம் என்பதில்தான் வேறுபாடு.

ஒருங்குறிக்கு மாறியதும் எல்லாம் சீரானது என்று எண்ணிவிட வேண்டாம். ஃபயர்பாக்ஸ் 2 வரையில், பத்தியை இருபுறமும் சீராக்கும் பண்பைச் சேர்த்தால் தமிழ் எழுத்துகள் உடைந்து கொம்பு ஓரிடமும் உடல் ஓரிடமுமாகத் தெரியும். "ஜஸ்டிஃபை செய்யாதீர்கள்" என்று பதிவர்கள் ஒருவரை ஒருவர் கெஞ்சிக்கொண்ட காலம் உண்டு. 2008இல் ஃபயர்பாக்ஸ் 3 வந்த பிறகே அது தீர்ந்தது. கைப்பேசியில் ஓபரா மினி வைத்திருந்தவர்கள் அமைப்புப் பக்கத்திற்குள் புகுந்து, சிக்கலான எழுத்துமுறைகளைப் படமாகக் காட்டும் தெரிவை இயக்கித் தமிழ் படித்தார்கள். வழங்கியிலேயே எழுத்தைப் படமாக்கி அனுப்பும் ஏற்பாடு அது. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் தமிழ் தெரிந்தது என்றால் அந்த ஒரு தெரிவால்தான்.

ஃபான்ட்-ஃபேஸ் மறுபிறவி எடுத்த கதை ஓரளவு அறியப்பட்டது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சிஎஸ்எஸ் மொழியை 1994இல் முன்மொழிந்தவரும் அப்போது ஓபரா நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவருமான ஹோக்கன் வியூம் லீ, 2007இல் இதை மீட்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். 2008 மார்ச்சில் சஃபாரி 3.1, சாதாரண ட்ரூடைப், ஓப்பன்டைப் கோப்புகளையே நேரடியாக ஏற்றது. ஃபயர்பாக்ஸ் 3.5 அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது. எழுத்துரு நிறுவனங்கள் திடுக்கிட்டன: பக்கத்தைத் திறந்த எவரும் கோப்பை எடுத்துத் தம் கணினியில் நிறுவிக்கொள்ளலாம் அல்லவா? மைக்ரோசாஃப்ட், மோனோடைப் ஆகியவற்றின் ஆதரவோடு இஓடி வடிவம் 2008இலேயே உலகளாவிய வலைச் சேர்த்தியத்திடம் முன்வைக்கப்பட்டிருந்தது. பூட்டுள்ள வடிவத்தை மற்ற உலாவிகள் விரும்பவில்லை.

முட்டுக்கட்டையை உடைத்தவர்கள் மூவர். தால் லெமிங், எரிக் வான் பிளாக்லாண்டு ஆகிய எழுத்துரு வடிவமைப்பாளர்கள் ஒரு வடிவத்தையும், மொசில்லாவில் இருந்த ஜோனதன் கியூ வேறொரு வடிவத்தையும் முன்மொழிந்திருந்தனர். இரண்டையும் இணைத்து 2009இல் வோஃப் உருவானது. அதில் பூட்டு இல்லை. ஒவ்வோர் அட்டவணையையும் சுருக்கி வைத்து, உரிமக் குறிப்பு எழுத ஓரிடம் விட்டு, கணினியில் நேராக நிறுவ முடியாதபடி ஓர் உறையில் இட்டார்கள், அவ்வளவே. உடைக்க விரும்புபவர் உடைத்துவிடலாம். ஆனால் தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நிறுவனங்கள் அந்த வேலியே போதும் என்று ஒப்புக்கொண்டன. 2010 ஏப்ரலில் மொசில்லா, ஓபரா, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அதைச் சேர்த்தியத்திடம் அளித்தன. 2012 டிசம்பர் 13 அன்று பரிந்துரையானது. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த வடிவத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டது இந்த வரலாற்றில் போதிய அளவு பாராட்டப்படாத செயல். இடைப்பட்ட ஆண்டுகளில் நிரலாளர்கள் ஒரே எழுத்துருவுக்கு இஓடி, வோஃப், ட்ரூடைப், எஸ்விஜி என நான்கு கோப்புகளை வரிசையாக எழுதி, எக்ஸ்புளோரரை ஏமாற்ற நடுவில் ஒரு கேள்விக்குறியையும் செருகிவந்தார்கள்.

இந்தப் புகழ்பெற்ற வெற்றிக்குப் பின்னும் நமக்கு ஒரு தடை இருந்தது. அதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. வலையிலிருந்து வரும் எழுத்துருக் கோப்பு தீங்கானதாகவும் இருக்கலாம் என்பதால், குரோமியம் திட்டம் அதைச் சோதித்துத் துப்புரவு செய்யும் ஒரு வடிகட்டியை எழுதியது. தனக்கு அடையாளம் தெரியாத அட்டவணைகளை அந்த வடிகட்டி வெட்டி எறிந்துவிடும். ஓப்பன்டைப் எழுத்துருவில் "ஜிசப்" என்று ஓர் அட்டவணை உண்டு. ஒரு வடிவத்தின் இடத்தில் வேறொன்றை எப்போது வைப்பது என்பதைச் சொல்வது அது. "க" என்பதோடு உகரக் குறி சேரும்போது "கு" என்னும் தனி வடிவம் வரவேண்டும் என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்திற்கு அந்த அட்டவணை அலங்காரம். அது இல்லாமலும் செய்தி படிக்கலாம். தமிழுக்கும் தேவநாகரிக்கும் அது இலக்கணம். தொடக்கத்தில் வடிகட்டி இந்த அட்டவணையைச் சரிபார்க்கக் கற்றிருக்கவில்லை, ஆகவே நீக்கிவிட்டது. இறக்கப்பட்ட எழுத்துரு உகரம் சேராத தமிழைக் காட்டியது. பிறகு திருத்தினார்கள். ஃபயர்பாக்ஸ் அதே வடிகட்டியை ஏற்றபோது, இந்த அட்டவணைகளை வெட்டாமல் விடுவதற்கென்று தன் அமைப்புகளில் ஒரு தனித் தெரிவையே வைத்திருந்தது. யாரும் தமிழுக்கு எதிராகச் சதி செய்யவில்லை. இன்றியமையாதது எது, கூடுதல் வசதி எது என்ற பட்டியலை எழுதியவரின் மொழி ஆங்கிலமாக இருந்தது.

இன்றைய நிலையில் இந்த விதி வெகுவாக வளர்ந்துவிட்டது. ப்ராட்லி சுருக்கமுறையைக் கொண்ட வோஃப் 2 வடிவம் 2018 மார்ச்சில் பரிந்துரையானது. "யூனிகோட்-ரேஞ்ச்" என்னும் விவரிப்பால், பக்கத்தில் தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் தமிழ்க் கோப்பை இறக்கச் செய்யலாம். எழுத்துரு வந்து சேரும்வரை எழுத்தை மறைப்பதா, கையிலிருக்கும் எழுத்துருவில் காட்டுவதா என்பதை "ஃபான்ட்-டிஸ்ப்ளே" தீர்மானிக்கிறது. மெதுவான இணைப்பில் படிப்போருக்காகத் தளம் அமைப்பவர்கள் இதில் "ஸ்வாப்" என்பதைத் தேர்வது நல்லது. அழகிய எழுத்துக்காக வெற்றுத் திரையைப் பார்க்கவைப்பது மரியாதை அன்று. தேவையான எழுத்து வடிவங்களை மட்டும் துண்டு துண்டாக இறக்கும் முறையையும் எழுத்துருப் பணிக்குழு உருவாக்கிவருகிறது. ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கொண்ட சீன, சப்பானிய எழுத்துகளுக்கு அதன் பயன் மிகப் பெரிது. துண்டாக்கும்போது வடிவ விதிகள் உடையக் கூடாதே என்னும் கவலை அங்கே தொடக்கத்திலேயே விவாதத்திற்கு வந்திருப்பது, இந்த முப்பதாண்டில் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

மீண்டும் எங்கள் கட்டுக்கு வருகிறேன். அந்தப் பக்கங்களின் தலைப்பகுதியில் குறியேற்றம் "எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்" என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பயனரே வகுத்துக்கொண்டது என்று பொருள். இன்றைய குறியேற்றத் தரநிலையிலும் அந்தப் பெயர் இருக்கிறது, வேறு பயனுக்காக. பெயரைத் தாங்கிய பக்கம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. எழுத்துருக் கோப்பு பெரும்பாலான இடங்களில் படியெடுக்கப்படவே இல்லை. ஆகவே அந்த இளையவர் மறைகுறி உடைப்பவரைப் போலக் கையால் அட்டவணை தயாரிக்கிறார். முதலில் குறிகளின் எண்ணிக்கையை எடுத்தார். தமிழில் மிகுதியாக வருவது புள்ளி என்பதால் அது முதலில் பிடிபட்டது. பிறகு மெய்யின் முன்னே நிற்கும் கொம்புகள். இந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறிகள் இருக்கும். "கொ" என்பது கொம்பு, ககரம், கால் என மூன்றாகப் பிரிந்து கிடக்கும். ஒருங்குறியில் அது ககரமும் ஓர் உயிர்க்குறியுமாக வேறு வரிசை. இதைத் திருப்பிப்போடுவது நிரலுக்கு எளிது. ஊர்ப் பெயர்களும் அரசியல் தலைவர்களின் பெயர்களும் எஞ்சியவற்றுள் பலவற்றைக் காட்டிக்கொடுத்தன. இன்னும் பதினொரு குறிகள் பிடிபடவில்லை. அவற்றுள் சில பின்ன எண்களாக இருக்கலாம், சில கிரந்த எழுத்துகளாக இருக்கலாம். ஓர் இதழ் ஆண்டின் நடுவில் எழுத்துருவின் பதிப்பை மாற்றியிருக்கிறது என்பதும் இப்போதுதான் தெரிகிறது. ஜூலைக்கு முன் பொருந்திய அட்டவணை ஜூலைக்குப் பின் பொருந்தவில்லை.

1997 முதல் 2003 வரையிலான காலத்தில் இதழ்த் தளங்களிலிருந்து இறக்கிய எழுத்துருக் கோப்புகள் யாரிடமாவது இருந்தால், பழைய வட்டிலோ நெகிழ்தட்டிலோ உலாவல் நிலையக் கணினியின் எழுத்துருக் கோப்புறையிலோ எங்கே இருந்தாலும், எனக்கு எழுதுங்கள். பெயர் மாறியிருந்தாலும் சிதைந்திருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பதினொரு குறிகளும் பெரும்பாலும் ஒரே கோப்பில் இருக்கும்.